கச்சானுக்கு அடைத்த சன்னல்

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் தேதி திங்கட்கிழமை காலை 10.40 மணிக்கு, யாரும் அழைக்காமல் தானாக நிலையத்திற்கு வந்தவர் கொடுத்த கூடுதல் வாக்குமூலம். எழுதியவர் தலைமைக் காவலர் ஐயம்பெருமாள்.

என் பெயர் ஞானப்பிரகாசம். வயது 58. தகப்பனார் பெயர் மிக்கேல், காலஞ்சென்றவர். புன்னக்காயல், குருசடித் தெரு, கதவு எண் 4/37-இல் குடியிருக்கிறேன். 2012 வரை கடலுக்குப் போனேன். அதன் பிறகு வலைகளுக்கு ஈயக்குண்டு வார்த்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குடிப்பழக்கம் கிடையாது. சென்ற மாதம் 21-ஆம் தேதி நான் கொடுத்த வாக்குமூலத்தில் நான் குடிபோதையில் இருந்ததாக ஒரு வரி இருக்கிறது. அந்த வரி என் வாயிலிருந்து வரவில்லை. ஆகவே இந்த முறை ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சொல்லத் தொடங்குகிறேன்.

எங்கள் ஊருக்கு மேற்கே உடைமரம் அடர்ந்த உடைங்காட்டுக்குள் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது. திசையன்விளைக்காரர் பெருமாள்ராஜ் அதை நடத்துகிறார். அந்தக் கொட்டகையை இடித்தது நான்தான் என்றும், அதன் புகைதான் என் மருமகளையும் அவள் பிள்ளைகளையும் கெடுத்தது என்றும் முன்பு சொன்னேன். இடித்தது நான்தான், அதில் மாற்றம் இல்லை. புகையைப் பற்றிச் சொன்னதில் சிலவற்றை விட்டுவிட்டேன். தெரியாமல் விட்டது கொஞ்சம், தெரிந்தே விட்டது கொஞ்சம். அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

வலை அடியில் இறங்கி நிற்க அதன் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோர்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் கரையேறி வலைகள் செப்பனிடப்படும் அந்த இரண்டு மாதத்தில்தான் எனக்கு வருடத்து வேலையில் முக்கால் பங்கு வரும். என் வீட்டுப் பின்னறையில், சமையல் அடுப்பிலேயே இரும்புச் சட்டியில் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவேன். உருகிய ஈயத்தில் காற்றுப் பட்டால் குண்டில் பொள்ளை, அதாவது ஓட்டை, விழும். பொள்ளை விழுந்த குண்டைப் படகுக்காரர்கள் திருப்பிவிடுவார்கள். ஆகவே வார்க்கும்போது கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொள்வது இந்த வேலை செய்கிற எங்கள் எல்லோருக்கும் வழக்கம். கயிற்றில் கோர்த்த குண்டைப் பல்லால் கடித்து இறுக்குவதும் வழக்கம். ஆறிய குண்டுகளின் பிசிறை என் மனைவி ரோசம்மாள் மடியில் வைத்துக் கத்தியால் செதுக்குவாள்.

2014-இல் கோவில் திருவிழாவுக்கு வந்த மருத்துவ முகாமில் ரோசம்மாளுக்குப் பிரஷர் அதிகம் என்றார்கள். அப்போது அவளுக்கு வயது 44. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், வீட்டில் கருவாட்டை நிறுத்தினோம். குறையவில்லை. மாத்திரையை அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று நினைத்து, தினமும் வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு 2019 டிசம்பரில் ஒரு நாள் மதியம் பின்னறையில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் இறந்தாள். விழுந்தபோது அவள் கையில் கத்தி இருந்தது, மடியில் குண்டுகள் இருந்தன.

அதன் பிறகு 2021-இல் பெருமாள்ராஜ் உடைங்காட்டில் கொட்டகை போட்டார். பெயர்ப்பலகை கிடையாது. முந்தைய வாக்குமூலத்தில், அவருடைய முகம்கூட எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது பொய். அதுவரை தூத்துக்குடிப் பழைய இரும்புக் கடைகளில் ஈயக்கட்டி வாங்கிக்கொண்டிருந்த நான், கொட்டகை வந்த நாளிலிருந்து அவரிடம்தான் வாங்கினேன். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். போனால் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பார்.

2022 ஜனவரியில் என் ஒரே மகன் ஜெய்சனுக்கும் மணப்பாட்டைச் சேர்ந்த அனிஷாவுக்கும் திருமணம் நடந்தது. ஜெய்சன் தூத்துக்குடியில் விசைப்படகு வேலை பார்க்கிறான், வார்த்த குண்டுகளைக் கயிற்றில் கோர்த்துத் தருவதும் அவன்தான். அனிஷாவுக்கு இப்போது வயது 25. மாமியார் இல்லாத வீட்டுக்கு வந்தவள் பிசிறு செதுக்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் பிறகு 2023 மே மாதம், ஏழாம் மாதத்தில், பிரஷர் ஏறி அவளுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. ஆண் குழந்தை. ஒரு பழப்பெட்டி அளவு பெட்டியில் கல்லறைக்குக் கொண்டுபோனோம், தூக்க ஒரு ஆள் போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்தது. குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துத் தேதி எழுதி வைத்தேன். பால்காரரை மாற்றினேன். அதன் பிறகு எனக்குக் காற்று ஞாபகம் வந்தது. சித்திரை முதல் ஆனி வரை எங்கள் ஊருக்கு மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும். பெருமாள்ராஜின் கொட்டகையும் மேற்கே இருக்கிறது. வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் மூன்று நாள் போட்டுப் பார்த்தேன், கறுப்புப் படிந்தது. குழந்தை இறந்தது கச்சான் மாதத்தில். ஆகவே கொலைகாரன் புகைதான் என்று முடிவு செய்தேன். தடைக்காலமும் அதே மாதங்கள்தான் என்பதும், என் சட்டி கொதிப்பதும் அப்போதுதான் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. அவரிடம் ஈயம் வாங்குவதையும் நான் நிறுத்தவில்லை. ஏன் என்று இதை எழுதுகிற ரைட்டர் சார் இப்போது கேட்கிறார். ஈயம் வேறு, புகை வேறு என்றுதான் நினைத்தேன். கட்டியாக இருக்கிற பொருள் மனிதனை என்ன செய்யும் என்று நினைத்தேன்.

சென்ற டிசம்பரில் அனிஷா மறுபடியும் உண்டாகியிருப்பது தெரிந்தது. இந்த முறை விடக்கூடாது என்று இருந்தேன். அவளை எந்த வேலையும் செய்ய விடவில்லை. குண்டுகளைத் தொடக்கூட விடவில்லை. ஏப்ரல் மாதம் கச்சான் தொடங்குவதற்கு முன்பே, பின்னறைச் சன்னல் இரண்டையும் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் சிமெண்ட் வைத்துப் பூசினேன். கதவு இடுக்கில் பழைய வலையைத் திணித்தேன். வீட்டிலேயே புகை நுழையாத அறை அது ஒன்றுதான். அனிஷாவின் கட்டிலை அந்த அறைக்குள் போட்டேன்.

வார்ப்பு வேலையையும் அதே அறையில்தான் செய்தேன். வெளியே காற்று. வேறு இடம் கிடையாது. அவள் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே நாலு முழம் இருக்கும். ஏப்ரல் 16 முதல் மே 19 வரை, ஞாயிற்றுக்கிழமைகள் தவிர, தினமும் காலையில் வார்த்தேன். அவள் ஒரு நாள் என்னிடம், "மாமா, உள்ள மூச்சு முட்டுது. ஒரு சன்னலயாவது பைய தெறந்து விடுங்க" என்றாள். "பொறு தாயி, கச்சான் அடங்கட்டும்" என்றேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

மே 12-ஆம் தேதி கிராம சுகாதார செவிலியர் கலையரசி வீட்டுக்கு வந்து பார்த்ததில் அனிஷாவுக்குப் பிரஷர் 150-க்கு 100 இருந்தது. உடனே திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். எனக்கு மெஷின் மேல் சந்தேகம். முதலில் எனக்குப் பார்க்கச் சொன்னேன், 170-க்கு 104 காட்டியது. மாத்திரை சாப்பிடுகிற எனக்கே இவ்வளவு காட்டினால் மெஷின் கோளாறுதான் என்றேன். அந்தப் பெண் சளைக்காமல் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் பார்த்துக் காட்டினார். மூன்று பேருக்கும் சரியாக இருந்தது. அந்த மூவரில் ஒருவர் பெருமாள்ராஜின் காவலாளி பூதத்தானுடைய கூட்டாளி. ஆகவே இதில் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்று நினைத்து, அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். ஒரே தெரு, ஒரே தண்ணீர், ஒரே காற்று, எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஜெய்சன் படகு பழுதுபார்க்கும் வேலையாகத் தூத்துக்குடியில் இருந்தான். அவனுக்கு இதைச் சொல்லவும் இல்லை. முந்தைய வாக்குமூலத்தில் தெரிந்தே விட்டது இது. எட்டு நாள் என்னால் போயிற்று.

மே 20 காலையில் அனிஷாவுக்குத் தலைவலி தாங்க முடியவில்லை. கண் மங்குகிறது என்று சொல்லி என் தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். அன்று மாலையே ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஜெய்சன் வந்து சேர்ந்தான். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இது எல்லாம் கொட்டகைக்காரன் வேலை என்றும், டாக்டர்கள் என்ன சொன்னாலும் நம்பாதே, அவன் எல்லோரையும் கையில் போட்டிருப்பான் என்றும் சொன்னேன். அவனும் அப்படியே நம்பினான். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டாத பிள்ளை.

அதன் பிறகு மே 21 காலை 11 மணிக்குக் கடப்பாரையோடு கொட்டகைக்குப் போய் உலையின் செங்கல் மேடையை இடித்தேன், காற்றடிக்கும் மோட்டாரை இழுத்து ஆற்றில் போட்டேன். பூதத்தான் தடுத்தார். அவரைத் தள்ளினேன், அடிக்கவில்லை. அப்போது பெருமாள்ராஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் சத்தம் போடவில்லை. "ஏம்வே ஞானம், எம் பொகையச் சொல்லுதீரே, ஒம்ம வீட்டு அடுப்புலயும் இதே ஈயந்தானவே கொதிக்குது?" என்றார். நான் மறுபடியும் கடப்பாரையை ஓங்கி உலையை அடித்தேன். அந்தக் கேள்வியை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை.

ஜாமீனில் வந்த பிறகு, மே 29 அன்று அனிஷாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வார்டு வாசலில் என் கையிலிருந்து தூக்குச்சட்டி நழுவி விழுந்தது. குழந்தையைப் பார்க்கும் டாக்டர் விஜயஸ்ரீ பார்த்துவிட்டார். "ஐயா, ரெண்டு கையயும் முன்னால நீட்டி, வெரலு மேல பாக்க நிமுத்துங்க" என்றார். "நோயாளி நானில்ல தாயி" என்றேன். அவர் விடவில்லை. நீட்டினேன். இடது கை நிமிர்ந்தது. வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. சில மாதமாகவே அப்படித்தான், வயது ஆகிறது என்று இருந்தேன். அதன் பிறகு அவர் என்ன தொழில் என்று கேட்டார். கொட்டகைக்காரன் ஆள் வைத்து விசாரிக்கிறான் என்று நினைத்து, கடல் தொழில் என்று சொன்னேன். ஆனால் அனிஷா சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு எங்கள் நால்வருக்கும், தெருவில் இரண்டு வீட்டாருக்கும் இரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். மாற்றிவிடுவார்களோ என்று எங்கள் குப்பிகளில் நானே பேர் எழுதி ஒட்டினேன். ஜூன் 9-ஆம் தேதி முடிவு வந்தது. தெருவில் இருப்பவர்களுக்கு இரத்தத்தில் ஈயம் 5, 6 என்று இருந்தது. ஜெய்சனுக்கு 31. அனிஷாவுக்கு 44. எனக்கு 78. குழந்தைக்கு 29. அது பிறந்து அப்போது இருபது நாள், அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. உடம்பில் சேர்ந்த ஈயம் பிரஷரை ஏற்றும், மணிக்கட்டைத் தொங்கவைக்கும் என்றும், தாயின் இரத்தம் வழியாகப் பிள்ளைக்கும் போகும் என்றும் டாக்டர் சொன்னார். கொட்டகைப் புகையிலும் ஈயம் இருக்கலாம், ஆனால் அது தெருவுக்கெல்லாம் பொது, உங்கள் வீட்டு அளவு வீட்டுக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒங்க வீட்டம்மாவுக்குப் பிரஷர் எப்போலருந்து இருந்துச்சு?"

2014 என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கொட்டகை வந்தது 2021. ரோசம்மாளைப் புதைத்து இரண்டு வருடம் கழித்து வந்த கொட்டகை அவளைக் கொன்றிருக்க முடியாது. திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வரும் வழி முழுக்க வேறு ஆள் யாராவது கிடைப்பார்களா என்று யோசித்தேன். ஊருக்குப் பக்கத்தில் வரும் ஆத்தூர்ப் பாலம் வரை யோசித்தேன். கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பின்னறைக்குள் போனேன். அனிஷாவின் மெத்தையைத் தட்டினேன், சாம்பல் நிறத் தூசி எழுந்தது. தலைமாட்டுச் சன்னலில், தார்ப்பாயின் கீழ் மூலையில் நான் ஒட்டிய டேப் இருந்தது. மே முதல் வாரத்தில் அந்த இடத்தில் ஒரு கிழிசல் இருந்ததைப் பார்த்து, எலி கடித்துவிட்டது என்று நினைத்து நான்தான் டேப் ஒட்டினேன். இப்போது டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். எலி கடித்தால் ஓரம் பிசிறாக இருக்கும். இது கத்தியால் கீறிய நேர்கோடு, ஒரு விரல் நீளம். கட்டிலில் படுத்துப் பார்த்தேன். படுத்தால் மூக்குக்கு நேராக வருகிறது. என்னிடம் கேட்டுக் கிடைக்காததால் அவளே செய்துகொண்ட வழி அது. அதையும் அடைத்தவன் நான். எனக்கு அப்போது வந்த அழுகையை ரைட்டர் எழுத வேண்டாம் என்கிறார், எழுதச் சொல்கிறேன்.

ஜூன் 13-ஆம் தேதி ஜெய்சனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "யப்பா, ஒங்களயும் வளச்சிட்டானுவளா?" என்றான். முதல் வாக்குமூலத்தை மாற்றச் சொல்லி மிரட்டுகிறார்களா என்று கேட்டான். "டாக்டர நம்பாதலேன்னு நீங்கதான சொன்னீங்க" என்றான். மறுநாள் நான் மெத்தையையும் சட்டியையும் ஈயக்கட்டிகளையும் வெளியே எடுத்துப் போட்டேன். அவன் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்து, பெருமாள்ராஜுக்கு எதிரான தடயம், யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டான். கிழிசலைப் பார்த்து, சன்னலுக்கு இன்னொரு தார்ப்பாய் அடித்தான். சாவி இப்போது அவனிடம் இருக்கிறது.

குழந்தை ஒன்றே முக்கால் கிலோ ஆகியிருக்கிறது, பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை, 20-ஆம் தேதி, டாக்டர் பேச்சை மீறிக் கையெழுத்துப் போட்டு, அனிஷாவையும் குழந்தையையும் கூட்டிவரப் போவதாக ஜெய்சன் சொல்கிறான். புகை படாத இடம் வேண்டும் என்று அவர்களை அதே பின்னறையில்தான் வைக்கப்போகிறான். அவன் கெட்டவன் இல்லை. நான் செய்ததைத்தான் செய்கிறான். அனிஷா வரமாட்டேன் என்கிறாள். அவள் பேச்சை அன்றைக்கு நான் கேட்கவில்லை, இன்றைக்கு அவன் கேட்கவில்லை.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முன்பு அந்த அறையைத் திறந்து, அச்சு, சட்டி, மிச்சமுள்ள ஈயக்கட்டிகள், மெத்தை, தார்ப்பாய் ஆகியவற்றை எடுத்து, அறைக்கு முத்திரை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மேல் என்ன வழக்கு வருமோ அதைப் போடுங்கள். இந்த வாக்குமூலத்தின் நகலை என் மகனிடம் கொடுக்க வேண்டும். நான் வாயால் சொன்னால் நம்ப மறுக்கிறான். அரசாங்க முத்திரையோடு காகிதத்தில் இருந்தால் படித்தாவது பார்ப்பான்.

பெருமாள்ராஜ் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. அந்தப் புகையையும் அதிகாரிகள் சோதிக்க வேண்டும். என் வேட்டி கறுத்தது பொய் இல்லை. புகையில் ஒன்றுமே இல்லை என்று ஒரு வரி இதில் சேர்ந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மேலே எழுதியிருப்பதைப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ இல்லை. யாரும் அடித்தோ ஆசை காட்டியோ இதைச் சொல்ல வைக்கவில்லை.

கையெழுத்துப் போடும்போது வலது கை நிற்கவில்லை. பெருவிரல் ரேகை வைத்தால் போதும் என்று ரைட்டர் சொன்னார். என் மகனுக்கு என் கையெழுத்து தெரியும். ரேகையைப் பார்த்தால் போலீஸ் பிடித்து வைத்து வாங்கியது என்பான். ரைட்டர் என் கையைத் தாங்கிப் பிடிப்பதாகச் சொன்னார், அதையும் வேண்டாம் என்றேன். அதன் பிறகு மேசையிலிருந்த மர அடிக்கோலை மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்து, என் துண்டால் நானே பல்லில் கடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் கையெழுத்திட்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது. லே ஜெய்சன், இது அப்பா எழுத்துதான்.

(ஒப்பம்)
மி. ஞானப்பிரகாசம்